பல்பு மங்கவில்லை, வேலைக்குப் போகவில்லை

பதுளையில் அந்தக் குளிரூட்டிய மண்டபத்தில், மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

திரையில் இரண்டு கோடுகள் ஏறிக்கொண்டிருந்தன. சிவப்புக் கோடு நாட்டின் மின்சாரப் பாவனை, அதாவது நாடு எரிக்கிற கரண்ட். நீலக் கோடு நாட்டின் வளர்ச்சி. கதிர்காமத்துக்குப் போன புதுமணத் தம்பதி கைகோத்து மலையேறுவது போல, ஒன்றை ஒன்று விடாமல் மேலே போய்க்கொண்டிருந்தன. கொழும்பிலிருந்து வந்திருந்த வல்லுநர் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சத்தால் அவற்றைத் தடவித் தடவிக் காட்டினார்.

"மின்சாரம் ஏறினால் நாடு ஏறும்" என்றார். கைதட்டினார்கள்.

பிறகு எங்கள் பக்கம் வந்தார். "ஊவா மாகாணத்துத் தோட்டப் பகுதிகளைப் பாருங்கள். அங்கே பாவனை மிகவும் குறைவு. ஏன்? அந்த மக்களின் தேவை குறைவு. எளிமையான மக்கள்."

அதற்கும் கைதட்டினார்கள்.

மதினி என் முழங்கையைக் கிள்ளினாள். "என்னாடி சொல்றாரு?"

"நமக்கு ஆசை இல்லையாம் மதினி. அதனாலதான் கரண்ட் கம்மியா எரியுதாம்."

"யாருக்கு ஆசை இல்ல? எனக்கா? அந்தாளுக்கு யாரு சொன்னா?"

முன்வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார். மதினியும் முறைத்தாள். அவர்தான் முதலில் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் தோன்றியது. இந்தக் கோடுகளை இவர்கள் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் அவற்றுக்குக் கீழே குடியிருந்திருக்கிறோம். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அந்தச் சிவப்புக் கோடு ஒரு பல்பாகக் கூரையிலிருந்து தொங்கியது, நீலக் கோடு ஏற ஏற அது இறங்கியது. இதை இவர்களுக்குக் காட்டாமல் விடக்கூடாது.

போன வாரம் இந்தப் பத்தியில் பஸ் நடத்துநர்களைத் திட்டியதற்குத் தொலைபேசியில் என்னைத் திட்டிய வாசகருக்கு ஒரு வார்த்தை: இந்த வாரமும் ஒரு நடத்துநர் வருகிறார். நல்லவர்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேசியக் கணக்கு

நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் லயம் இருக்கிறது. வரிசையாகக் காம்பராக்கள், அதாவது குடும்பத்துக்கு ஓர் அறை. அதற்கு மேலே தேயிலைத் தொழிற்சாலை. நாங்கள் அதை ஸ்டோர் என்போம். ஸ்டோருக்கும் லயத்துக்கும் பல வருடமாக ஒரே ட்ரான்ஸ்போமர். ஸ்டோர் குடித்து மிஞ்சியது எங்களுக்கு.

அந்தியில் தேயிலைக் கொழுந்து எடை போட்டவுடன் ஸ்டோரின் மேல்தட்டுக்குப் போகும். அங்கே நீளநீளமான படுக்கைகளில் பரப்பி, கீழிருந்து பெரிய விசிறிகளால் காற்றடித்து வாட்டுவார்கள். கொழுந்து நிறைய வந்தால் எல்லா விசிறிகளும் ஓடும். விசிறி ஓடினால் எங்கள் பல்பு மங்கும். வெள்ளை வெளிச்சம் மஞ்சளாகி, மஞ்சள் செம்பாகி, கடைசியில் பீடி நுனி மாதிரி ஆகிவிடும்.

கொழுந்து குறைவென்றால் வாட்டுவதே இல்லை. லொறியில் ஏற்றிப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மறுநாள் வேலையும் இருக்காது. அன்றைக்குப் பல்பு கல்யாண வீடு மாதிரி பளபளவென்று எரியும்.

ஆகவே எங்கள் லயத்தில் வெளிச்சம் நல்ல சகுனம் அல்ல.

"இன்னிக்கு நல்லா மங்குதுடி, நாளைக்கு வேல உறுதி" என்று காம்பராவுக்குக் காம்பரா சுவர் வழியே சந்தோஷப்படுவார்கள். நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் இந்த வெளிச்சத்தில்தான். கொழுந்துக் காலத்தில் கண் எரிந்தது. வறட்சிக் காலத்தில் வயிறு எரிந்தது.

கொழுந்து பறிக்கிறவர்களுக்கே தெரியாதா, பல்பைப் பார்க்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொருத்திக்கும் தன் முதுகில் தொங்குவது மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கத்து மலையில் என்ன வந்தது, அடிவாரத்தில் என்ன வந்தது, யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னது பல்புதான். நாட்டுக்கு மத்தியில் ஒரு வங்கி இருப்பது போல எங்கள் லயத்துக்கு அந்த பல்பு.

முந்திய காலத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, தப்படித்து ஆளைக் கூப்பிட்டார்களாம். பிறகு கங்காணி லயத்து முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். எங்கள் மாணிக்கம் கங்காணி அதையும் விட்டுவிட்டார்.

"அதான் பல்பு சொல்லுதே. நான் எதுக்குத் தொண்டையக் கிழிக்கணும்?"

ஒரு பெரிய பதவியை ஒரு பல்பிடம் ஒப்படைத்துவிட்டு அவர் நிம்மதியாக வெற்றிலை போட்டார்.

நாலு கட்சிக்காரர்கள்

பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தபோது இதைப் பற்றிப் பெரிய சண்டையே இருப்பதாகத் தெரிந்துகொண்டேன். மின்சாரமும் எரிபொருளும் கூடுவதால் நாடு வளர்கிறதா, நாடு வளர்வதால் அவை கூடுகின்றனவா?

முதலாவதுதான் சரி என்பது ஒரு கட்சி. இரண்டாவதுதான் சரி என்பது இன்னொரு கட்சி. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பது மூன்றாவது. ஒன்றுக்கும் மற்றதுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்பது நான்காவது. நாட்டை மாற்றினால் விடை மாறும். வருடத்தை மாற்றினாலும் விடை மாறும். மாறாதது ஒன்றுதான்: எல்லாக் கட்சிக்காரர்களும் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

நான் வேகமாகக் கைதூக்குகிற ஆள். "சேர், மதினி தலையில சுமந்து வர்ற விறகு இதுல எந்தக் கோட்டுல வருது?" என்று கேட்டேன்.

"அது அளவிடப்படவில்லை" என்றார் விரிவுரையாளர்.

அளவிடப்படவில்லை என்றால் கனம் இல்லை என்று அர்த்தமாம். மதினியின் கழுத்தைக் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

நாட்டில் பெற்றோல் வரிசை பதுளை நகரத்தைச் சுற்றி வளைந்து கிடந்த காலம் வந்தது. மணிக்கணக்கில் கரண்ட் இல்லை. ஒருநாள் அந்தியில், கரண்ட் வந்த கொஞ்ச நேரத்தில், யாரோ ஓர் அறிஞர் தொலைக்காட்சியில் தோன்றி, மக்கள் சிக்கனம் பழகிவிட்டார்கள், பாவனை குறைந்துவிட்டது, இது நல்ல பாடம் என்றார். பட்டினி கிடக்கிறவனைப் பார்த்து விரதம் நன்றாகப் பிடிக்கிறாய் என்று பாராட்டுகிற வாய் அது.

அதே காலத்தில் ஒரு குழு எங்கள் லயத்துக்கே வந்தது. மின்சாரத்தைச் சேமிப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லித்தர. வாகனத்தை அணைக்காமல் குளிருக்கு இதமாக ஓடவிட்டுக்கொண்டே சொல்லித்தந்தார்கள்.

"தேவையில்லாத பல்புகளை அணைச்சு வைங்க" என்றார் குழுத் தலைவி.

மதினி காம்பராவுக்குள் அவரைக் கூட்டிப்போய்க் கூரையைக் காட்டினாள். "ஒண்ணுதான் இருக்கு நோனா. இது தேவையா தேவையில்லையான்னு நீங்களே பாத்துச் சொல்லிட்டுப் போங்க."

நோனா ஒரு ஸ்டிக்கரைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். அது இன்னும் இருக்கிறது. கதவு ஓட்டையை அடைக்கிறது.

மெஷின் மலையேறியது

மதினியின் பெயர் புஷ்பம். அண்ணன் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். தீபாவளிக்கும் தேருக்கும் வருவான். மதினிக்கு வலது தோள் தூக்க முடியாமல் போய் ரொம்ப நாளாகிறது. கூடைக் கயிறு தலையிலிருந்து இழுத்து இழுத்துக் கழுத்து இறுகிவிட்டது. மலையை விட்டு இறங்கி, உட்கார்ந்து செய்கிற ஒரு தொழில் வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. எளிமையான ஆசை என்று வேண்டுமானால் வல்லுநர் எழுதிக்கொள்ளட்டும்.

நெருக்கடியில் பதுளையில் ஓர் அரைக்கும் கடை மூடியது. அதிலிருந்த சின்ன மெஷினை மதினி வாங்கிவிட்டாள். அரிசி, குரக்கன், மிளகாய், மல்லி எல்லாம் அரைக்கும். எங்கள் பக்கத்தில் யாருக்கு அரைக்க வேண்டுமென்றாலும் பஸ் ஏறிப் பசறைக்கோ பதுளைக்கோதான் போக வேண்டும்.

நமுனுகுல பஸ்ஸின் பின்பக்கத்தில் அதை ஏற்றினோம்.

"என்னாக்கா இது, பிரேதமா?" என்றார் நடத்துநர், சாக்கால் சுற்றியதைப் பார்த்து.

"ஆமா, எங்க தொரயோட பிரேதம். ஓரமா வைங்க, முழிச்சுக்கப் போகுது."

தோட்ட முகாமையாளரைச் சொன்னதும் பஸ்ஸே சிரித்தது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து லயம் வரை நானும் மதினியும் கங்காணி மகனும் தூக்கிப்போனோம்.

அன்று அந்தியில் மதினி சுவிட்சைப் போட்டாள். மெஷின் உறுமியது. இன்னொரு தடவை உறுமியது. பிறகு கிழட்டு நாய் மாதிரி முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. நான் பல்பைப் பார்த்தேன். பீடி நுனி. மேலே ஸ்டோரில் எல்லா விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மதினி மாட்டிக்கொண்ட பொறி எங்களுக்குப் புரிந்தது. பகலில் அவள் மலையில். அந்தியில்தான் அரைக்க முடியும். கொழுந்து நிறைய வருகிற காலத்தில் சனங்கள் கையில் காசு இருக்கும், அரைக்கச் சட்டியோடு வருவார்கள், ஆனால் கரண்டில் உயிர் இருக்காது. கொழுந்து இல்லாத காலத்தில் கரண்ட் துள்ளும், மெஷின் பாடும், ஆனால் அரைக்க யாரிடமும் ஒன்றும் இருக்காது.

நாலு கட்சிக்காரர்களும் தங்கள் வாழ்நாளில் காணாத ஐந்தாவது உறவு இது. நாட்டின் வளர்ச்சி மேல்தட்டில் வாடிக்கொண்டிருக்கும்போது, வளர நினைத்தவள் கீழே சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, நீ இதையெல்லாம் படிச்சவதானே. ஒரு வழி சொல்லு" என்றாள்.

"மதினி, இதுக்கு ஒரு தனி ட்ரான்ஸ்போமர்..."

"அத நான் படிக்காமயே சொல்லுவேன்."

நடக்காத வேலைநிறுத்தம்

தனி ட்ரான்ஸ்போமர் வந்தது. எங்களுக்கு அல்ல, ஸ்டோருக்கு. புது இயந்திரம் பூட்டினார்களாம், பழைய கம்பி தாங்கவில்லையாம். மின்சார ஆட்கள் வந்து தூண் நட்டார்கள். அது எதற்கென்றோ, பழைய ட்ரான்ஸ்போமர் இனி எங்களுக்கு மட்டும்தான் என்றோ லயத்தில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. எதைத்தான் சொன்னார்கள்?

அது ஒரு நீண்ட வறட்சிக்குப் பின் முதல் மழை விழுந்த வாரம். தளிர் விடத் தொடங்கியிருந்தது. அன்று பறித்துவிட்டு வந்த மதினி, கூடையை இறக்கியபடி, "இன்னிக்கு எனக்கு நல்ல கொழுந்து" என்றாள். அடுத்த காம்பரா அக்காவும் தனக்கும் நல்ல கொழுந்து என்றாள். இருட்டியது. பல்பைப் போட்டோம்.

பளிச்.

லயமே வாசலுக்கு வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"என்னா கங்காணி, மங்கலயே?"

மாணிக்கம் கங்காணி தன் காம்பராவுக்குள் போய்த் தன் பல்பையும் பார்த்துவிட்டு வந்தார். "மத்த மலையில ஒண்ணும் வரல போலருக்கு. லொறியில ஏத்திட்டாங்க. நாளைக்கு வேல இல்ல. படுங்க."

"எங் கூடை நெறஞ்சிச்சே கங்காணி."

"ஒங் கூடையா தோட்டம்? பல்பு சொல்லுது, நீ என்னா சொல்ற?"

அவ்வளவுதான். அத்தனை பெண்களும் தங்கள் கழுத்து வலி சொன்னதை விட்டுவிட்டு பல்பு சொன்னதை நம்பினார்கள். கொழும்பு வல்லுநர் மட்டும் அங்கே இருந்திருந்தால் எங்களைக் கட்டிப்பிடித்து, என் இனமே என்று அழுதிருப்பார்.

மறுநாள் காலை மதினி சுவிட்சைப் போட்டாள். மெஷின் எழுந்து பாடியது. முக்காமல், முனகாமல், ஒரே சுருதியில். அன்றைக்குப் பார்த்து லயம் முழுக்க விடுமுறை. சத்தம் கேட்டு, இடித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்த அரிசியையும் ஊர்க் குரக்கனையும் காய்ந்த மிளகாயையும் எடுத்துக்கொண்டு ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்துவிட்டார்கள். மதினியின் முடியெல்லாம் மாவு. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, அண்ணன் வருகிற நாளில்கூட.

அதே நேரம் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை குடையோடு தனியாக நின்றிருக்கிறார். துணைக்கு ஒரு நாய். மலையில் தளிர் காத்துக்கொண்டிருக்கிறது.

தொர மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். லயத்து வாசலில் கூட்டத்தைப் பார்த்தார்.

"என்ன ஸ்ட்ரைக்கா?"

யாருக்கும் புரியவில்லை. மாணிக்கம் கங்காணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "ஸ்ட்ரைக்கெல்லாம் இல்லீங்க தொர. பல்பு மங்கலீங்க."

"என்ன?"

"பல்பு, தொர. நேத்து மங்கலீங்க. அதான் வரலீங்க."

தொர அவரை ஏற இறங்கப் பார்த்தார். நக்கல் செய்கிறான் என்றே முடிவு செய்துவிட்டார். இத்தனை வருடம் தன் தொழிற்சாலையின் நிழலில் ஒரு லயம் எப்படிக் காலத்தைக் கணிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கவே இல்லை. ஸ்டோரின் விசிறிகள் எங்கள் பல்பைக் குடித்ததும் அவருக்குத் தெரியாது, விட்டுவிட்டதும் தெரியாது.

மதியத்துக்குள் பதுளையிலிருந்து ஒரு தொழிற்சங்கத் தலைவர் வாகனத்தில் வந்துவிட்டார். ஸ்ட்ரைக் என்று கேள்விப்பட்டவுடன் யார் முந்துவது என்ற போட்டி. "உங்கள் தன்னெழுச்சியான போராட்டத்தைத் தலைமை வாழ்த்துகிறது" என்றார்.

"என்னா போராட்டம்? நாங்க மாவு அரைச்சோம்" என்றாள் மதினி.

"அந்த மாவுதான் தாய்மாரே, போராட்டத்தின் குறியீடு!"

"அப்ப ஒரு சுண்டு மாவு அரைச்சுத் தரவா, எடுத்துட்டுப் போறீங்களா?"

எடுத்துக்கொண்டுதான் போனார். காசு கொடுக்கவில்லை.

தொர குற்றவாளியைத் தேடினார். கூட்டம் எங்கே கூடியது? மதினியின் வாசலில். கூட்டியது எது? மெஷின். "காம்பரா குடியிருக்கத்தான் தோட்டம் தந்திருக்கு, யாவாரம் பண்ண இல்ல" என்று உத்தரவு வந்தது. ஓர் ஆள் வந்து மெஷினுக்குப் போன வயரை வெட்டிவிட்டுப் போனான்.

முழுக் கரண்ட் வந்து மதினிக்குக் கிடைத்தது ஒரே ஒரு காலை. இப்போது மெஷின் மூலையில் கிடக்கிறது. மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கில் ஒன்றை அதன்மேல் போர்த்தி வைத்திருக்கிறாள். மறுவாரமே தோளைத் தேய்த்துக்கொண்டு மலையேறினாள்.

மாணிக்கம் கங்காணி திரும்பவும் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். தொண்டை பழக்கமில்லாமல் கீச்சிடுகிறது.

தரவோடு வாருங்கள்

மண்டபத்துக்கு வருகிறேன். இளைஞர் பிரதிநிதி என்று என்னை அழைத்திருந்தார்கள். கைதட்டக் கொஞ்சம் இளவயதுக் கைகளும் தேவைப்பட்டிருக்கும். மதினியை நான்தான் இழுத்துப் போனேன். சாப்பாடு தருவார்கள் என்றதால் வந்தாள்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். பல்பையும் மெஷினையும் வெட்டிய வயரையும் ஒரே மூச்சில் சொன்னேன். எனக்கு எப்போதும் வேகம் கூட. "தேவை குறைவு இல்ல சேர். தேவை மூலையில சாக்குப் போட்டு மூடியிருக்கு. அனுமதி கிடைச்சா நாளைக்கே உங்க கோடு கொஞ்சம் ஏறும்" என்று முடித்தேன்.

வல்லுநர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை எனக்குத் தெரியும். ஸ்டிக்கர் ஒட்டிய நோனாவிடம் பார்த்தது.

"இருங்க மகள். நல்ல கதை. ஆனால் ஒரு வீட்டுக் கதையை வைத்து நாட்டைப் பேச முடியாது. அடுத்த மாதம் இதே இடத்தில் மறுபடி கூடுகிறோம். தோட்ட முகாமையாளர்களும் மேடைக்கு வருகிறார்கள். அப்போது தரவோடு வாருங்கள்."

எங்கள் தொரயின் பெயரும் அடுத்த கூட்டத்து அழைப்பில் இருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் மதினி கோழிக்காலைக் கடித்தபடி கேட்டாள். "தரவுன்னா என்னாடி?"

"சொல்றது உண்மைன்னு கண்ணால காட்டுறது."

அவள் மென்றுகொண்டே மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் வரிசையாக இருந்த பிளக் பொயின்ட்களைப் பார்த்தாள். குளிர் வெளியே போகாமல் இறுக்கி மூடியிருந்த ஜன்னல்களைப் பார்த்தாள்.

"இங்க கரண்ட் நல்லா வருமா?"

"இங்கயா? திரை, மைக், குளிர், எல்லாம் ஓடுது மதினி. ஒரு பல்பு மங்கல."

"அப்ப மெஷின இங்க கொண்டாந்துருவோம். நமுனுகுல பஸ்லதானே ஏறுச்சு, அதுலயே எறங்கட்டும்."

அடுத்த கணம் நானே திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். கேள்வி நேரத்தில் மேடைக்குக் கீழே வைப்போம். வல்லுநருக்குத் தரவு, தொரக்குக் கேள்வி, இரண்டும் ஒரே சுவிட்சில். காம்பராவில் அரைக்க அனுமதி என்று தொர மைக்கில், எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்னால் பிறகு மாற்ற முடியாது.

"சொல்ற வரைக்கும் நிப்பாட்ட மாட்டேன்" என்றாள் மதினி.

"என்னா அரைக்கப் போறீங்க? அரிசியா, குரக்கனா?"

"மொளகா."

வல்லுநர் தான் தமிழ் வாரப் பத்திரிகைகளை விடாமல் வாசிப்பதாக மேடையில் சொன்னார், எங்களுக்குத் தேவை குறைவு என்று சொன்ன அதே உறுதியோடு. ஆகவே இதை இங்கே எழுதுவதில் எனக்குப் பயமே இல்லை.

நேற்று வெயில் நன்றாக அடித்தது. மதினி மெஷின்மேல் கிடந்த படங்குச் சாக்கை எடுத்து லயத்து முற்றத்தில் விரித்து, அதில் மிளகாயைக் காயப்போட்டிருக்கிறாள். வாசலைத் தாண்டிப்போன மாணிக்கம் கங்காணி இப்போதே தும்முகிறார்.